விக்கிப்பீடியா: பொய் எழுதினால் யார் பிடிப்பது?

போனில் எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பவற்றில் ஒன்று விக்கிப்பீடியா. 2001-ல் தொடங்கிய இதை எழுதுவது சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு இல்லை, தன்னார்வலர்கள். ‘தொகு’ என்பதைத் தட்டி யார் வேணும்னாலும் திருத்தலாம்.

அப்போ, பொய் எழுதினால்?

2005-ல் நடந்தது அது. கென்னடி சகோதரர்கள் கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றி ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். சுமார் நான்கு மாதம் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. அதன் பிறகுதான், கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கியில் புதுக் கட்டுரை தொடங்கத் தடை வந்தது.

பாதுகாப்பு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு திருத்தமும் ‘வரலாறு’ பக்கத்தில் நேரத்தோடு பதிவாகிறது. தப்பு என்றால் பழைய வடிவத்துக்கே திருப்பிவிடலாம். ஆதாரமில்லாத வரியை நீக்கலாம். கருத்து மோதினால் ‘உரையாடல்’ பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால், யாராவது கவனித்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

சிக்கலே அங்கேதான். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. மாதந்தோறும் திருத்துபவர்களோ சில நூறு பேர்தான்.

உங்கள் ஊர் பற்றிய பக்கத்தில் தப்பு இருக்கிறதா? ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கிண்டலடிப்பதோடு நிற்க வேண்டாம். நம்பகமான நூலையோ செய்தியையோ ஆதாரம் காட்டித் திருத்துங்கள். படிப்பவர்தான் இங்கே காவல்காரரும்.