கேமராவுக்கு முன் கம்பளி

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும்போது நம்மில் பலர் முதலில் செலவுக் கணக்கு எழுதுகிறோம். விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் புகைப்பட ஆர்வலர் எழுதும் வரி புதிய லென்ஸைப் பற்றியதாகவே இருக்கும். குளிருக்கான உடையோ, மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டியலின் கடைசியில் நிற்கும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

ஓர் அக்டோபர் மாதத்தில் என் மனைவியுடன் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைநாட்டுக்குச் சென்றபோது இதை உணர்ந்தேன். சென்னையில் 32 டிகிரி வெப்பத்தில் விமானம் ஏறிய நாங்கள், அங்கே 10 டிகிரிக் குளிரில் இறங்கினோம். மறுநாள் காலையிலேயே கிளென்கோ பள்ளத்தாக்கில் முக்காலியை ஊன்றிவிட்டேன். 'மூன்று சகோதரிகள்' எனப்படும் மலைமுகடுகளின் மீது மேகம் விலகி ஒளி விழும் கணத்துக்காக ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தேன். ஒளி விழுந்தது, படமும் கிடைத்தது. திரும்பிப் பார்த்தபோது என் மனைவி பேச்சின்றி நடுங்கிக்கொண்டிருந்தார். மேலங்கியின் பொத்தானைப் போட முயன்ற விரல்கள் அவருக்குக் கட்டுப்படவில்லை. உடல் வெப்பம் குறையத் தொடங்குவதன் அறிகுறிகள் அவை என்பதைப் பின்னரே அறிந்தேன். காரின் வெப்பமும் சூடான தேநீரும் அவரைத் தேற்றின. அந்தப் படத்தை இன்றுவரை நான் சட்டமிட்டு மாட்டவில்லை.

படமெடுப்பவருக்கு ஆர்வமே போர்வை. உடன் நிற்பவருக்கு அந்தப் போர்வை கிடையாது. அசையாமல் காத்து நிற்பவரையே குளிர் முதலில் பற்றுகிறது. காற்று வீசினால் இன்னும் விரைவாகப் பற்றுகிறது. ஆகவே முதல் இரண்டு நாள்களை உடல் பழகுவதற்கென ஒதுக்குவது நன்று. சிறு நடைகள் போதும். கேமரா பையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு செலவு செய்து சென்ற பின் இரண்டு நாள்களை வீணாக்குவதா என்று சிலர் கேட்கலாம். அவை வீணல்ல. அக்டோபர் நடுவில் அந்த வடபகுதியில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 25 டிகிரி உயரத்திலேயே நிற்கிறது. நிழல்கள் நாள் முழுவதும் நீண்டு கிடக்கின்றன. பழுப்பேறிய பெரணிச் செடிகள் சாய்வொளியில் செம்பு போல ஒளிர்கின்றன. நம் ஊரில் காலையிலும் மாலையிலும் மட்டுமே கிட்டும் ஒளி, அங்கே மேகம் விலகினால் உச்சிப்பொழுதிலும் கிட்டும். விடியலில் விறைத்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உடையிலும் நம் பழக்கத்தைச் சற்று மாற்ற வேண்டும். இங்கே நமக்கு உற்ற துணையான பருத்திப் பனியன், அங்கே வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்கிறது. விரைவில் உலரும் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதற்கும்மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என மூன்று அடுக்குகள் தேவை. பொத்தான்களை அழுத்த உதவும் மெல்லிய கையுறைக்கு மேல் தடித்த கையுறை ஒன்றும் வேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் தளரும். உதிரி மின்கலத்தை உட்பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள். வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் முன் கேமராவை நெகிழிப் பையில் இட்டு இறுக மூடினால், ஈரம் லென்ஸின் மீது படியாமல் பையின் மீதே படியும்.

இவை அனைத்தையும் இருவருக்கு வாங்கினாலும், நல்ல லென்ஸ் ஒன்றின் விலையை எட்டாது. லென்ஸை அடுத்த ஆண்டும் வாங்கலாம். உடன் வருபவர் அடுத்த பயணத்துக்கும் மகிழ்ச்சியோடு இசைய வேண்டுமானால், இந்த ஆண்டின் முதல் செலவு அவருடைய கம்பளியாகவே இருக்கட்டும்.