முளையில் தெரியாத பயிர்

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்திருப்பான், வரவில்லையென்றால் அவனிடம் சரக்கு இல்லை. எந்த விளையாட்டைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவைப்பார். அமெரிக்க பேஸ்பாலில் இந்த நம்பிக்கைக்கு வலு அதிகம். அங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் மைதானத்தில் நின்றவருக்குக்கூடப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. வரி சின்னதாக இருந்தால் ஆளும் சின்னவர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தச் சின்ன வரிகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

முதல் வாதம் நம் பழமொழியே: விளையும் பயிர் முளையிலே தெரியும். முளையைக் கண்டுபிடிப்பதற்கென்றே 1965 முதல் அங்கே டிராஃப்ட் நடக்கிறது. அணிகள் வரிசை வைத்து இளைஞர்களைப் பொறுக்கியெடுக்கும் ஏற்பாடு அது. 1966-இல் முதல் வாய்ப்பு நியூயார்க் மெட்ஸுக்கு. அவர்கள் எடுத்தது ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை. அவர் உச்சமட்டமான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த இடத்தில் போனவர் ரெஜி ஜாக்சன், பின்னாளில் 563 ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். 1991-இல் யாங்கீஸ் முதலாவதாக எடுத்த பிரையன் டெய்லருக்கு 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கைகலப்பில் அவருடைய தோள் போயிற்று. அவரும் மேலே வரவில்லை.

மறுபக்கம் மைக் பியாஸா இருக்கிறார். 1988-இல் அறுபத்திரண்டாவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக அவரை டாட்ஜர்ஸ் அணி எடுத்தது. அதுவும் திறமையைக் கண்டு அல்ல. அப்பாவின் நண்பரான அணி மேலாளர் டாமி லசோர்டாவின் தயவில். சிபாரிசில் நுழைந்த அந்தப் பையன் 427 ஹோம்ரன் அடித்து 2016-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆக, முளையைப் பார்க்கச் சம்பளம் வாங்கியவர்களுக்கே பயிர் தெரியவில்லை. அந்தத் தயவு கிடைக்காமல் போயிருந்தால் பியாஸாவையும் ‘சரக்கு இல்லாதவர்’ கணக்கில்தான் எழுதியிருப்போம்.

அடுத்தது, ஒரே ஆட்டத்தோடு போனவர் தோற்றவர் என்பது. ஜான் பசியோரெக்கை எடுத்துக்கொள்வோம். 1963 செப்டம்பர் 29, ஹூஸ்டன் அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். அவருக்கு வயது பதினெட்டு. அடிக்கப் பார்த்த மூன்று முறையும் அடி விழுந்தது. இரண்டு முறை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகும் உரிமை கிடைத்தது. நான்கு ரன் எடுத்தார். பேஸ்பாலில் பத்துக்கு மூன்று அடி அடித்தாலே நல்ல பேட்டர் என்பார்கள். இவருடைய வாழ்நாள் சராசரி முழு ஒன்று, அதாவது நூற்றுக்கு நூறு. அதன்பின் முதுகில் அறுவை சிகிச்சை செய்தார்கள், சில வருஷம் கீழ்மட்டமான மைனர் லீக்குகளில் முட்டி மோதினார், திரும்ப மேலே வர முடியவில்லை. கலிஃபோர்னியாவில் உடற்பயிற்சி ஆசிரியர் ஆனார். அவருடைய தம்பி டாம், அதே மேஜர் லீக்கில் பதினெட்டுப் பருவம் ஆடினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கு முதுகு ஒத்துழைத்தது, ஒருவருக்கு இல்லை. இதில் சரக்கு எங்கே குறைந்தது?

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது. மேல்மட்டத்தில் வாய்ப்புக் கிடைத்தும் அடிக்க முடியவில்லையே, அப்புறம் என்ன பேச்சு? மைக் ஹெஸ்மனைப் பாருங்கள். அமெரிக்க மைனர் லீக்குகளில் 433 ஹோம்ரன், அதுதான் அங்கே சாதனை. மேஜர் லீக்கில் 14, சராசரி .188. ஒப்புக்கொள்கிறேன், அந்த எண் அழகாக இல்லை. ஆனால் அவர் மேலே ஆடிய 109 ஆட்டங்களும் மூன்று அணிகளில், ஐந்து பருவங்களில் சிதறிக் கிடப்பவை. இன்றைக்கு இருக்கிறாய், நாளைக்குத் தெரியாது என்று சொல்லி நிறுத்திவைத்தால் எந்த மட்டைக்காரனுக்கும் கை நடுங்கும்.

நிலையாக இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராண்டி பாஸ் சாட்சி. மேஜர் லீக்கில் ஐந்து அணிகள் அவரைப் பந்தாடின. மொத்தம் 130 ஆட்டம், ஒன்பது ஹோம்ரன், சராசரி .212. ஹெஸ்மனுக்குச் சொன்னதையேதான் இவருக்கும் சொல்லியிருப்பார்கள். 1983-இல் ஜப்பானின் ஹன்ஷின் டைகர்ஸுக்குப் போனார். 1985-இல் 54 ஹோம்ரன். ஹன்ஷின் முதன்முறையாக ஜப்பான் சாம்பியன் ஆனது. அந்தக் கொண்டாட்ட வெறியில் ஒசாகா ரசிகர்கள், தாடிக்கார பாஸுக்குச் சாயல் பொருந்துகிறது என்று சொல்லி ஒரு கோழிக்கடை வாசலிலிருந்த கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கி தோதோன்போரி ஆற்றில் போட்டார்கள். (சிலை 2009-இல்தான் கிடைத்தது. அதுவரை அணி மறுபடி சாம்பியன் ஆகாததற்குச் சிலையின் சாபமே காரணம் என்று பேச்சு. சிலை கிடைத்த பிறகும் 2023 வரை ஆகவில்லை, அது வேறு விஷயம்.) 1986-இல் பாஸின் சராசரி .389, இன்றைக்கும் ஜப்பானின் ஒற்றைப் பருவச் சாதனை.

உடனே ஒரு பதில் வரும்: ஜப்பானில் தரம் குறைவு. சரி, செசில் ஃபீல்டரை என்ன செய்வது? மேஜர் லீக்கில் நிரந்தர இடம் கிடைக்காமல் 1989-இல் இதே ஹன்ஷினுக்குப் போனவர். மறுவருஷம் திரும்பி வந்து டெட்ராய்ட் அணிக்காக 51 ஹோம்ரன் அடித்தார். பன்னிரண்டு மாதத்தில் புதுத் திறமை முளைத்துவிடாது. தினமும் ஆட விட்டார்கள், அவ்வளவுதான்.

தொழில்முறை ஆட்டக்காரர் என்றாலே கோடீஸ்வரர் என்ற நினைப்புக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2023-இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 7,20,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே, டிரிபிள்-ஏ மட்டத்தில், 35,800. இதுவே சங்கம் சேர்ந்து பேசி வாங்கிய உயர்வு. 2021-க்கு முன்னால் கீழ்நிலை அணிகளில் வாரத்துக்கு 290 டாலர், அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களில் மட்டும். இந்த அநியாயத்தை 2014-இல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வக்கீல் காரெட் பிராஷுஸ், தாமே மைனர் லீக்கில் ஆறு பருவம் பந்து வீசியவர், மேஜர் லீக்கை எட்டாதவர். வழக்கு 2022-இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. பதிவேட்டில் அவருக்கு மேஜர் லீக் வரி கிடையாது.

கடைசியாக, மைதானத்தோடு வாழ்க்கை முடிந்தது என்ற அனுதாபம். வசவைவிட இது எனக்கு எரிச்சல். வால்டர் ஆல்ஸ்டன் 1936-இல் மேஜர் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். ஒரே ஒரு முறை மட்டை பிடித்து அவுட் ஆனார். பிறகு டாட்ஜர்ஸ் அணியை 23 பருவம் நடத்தி நான்கு உலகத் தொடர் வென்றார். அவரிடமிருந்து பொறுப்பை வாங்கியவர், மேலே சொன்ன அதே லசோர்டா. மேஜர் லீக்கில் பந்து வீச்சாளராக 26 ஆட்டம் ஆடி, தம் கணக்கில் ஒரு வெற்றிகூடப் பெறாதவர். இரண்டு பேரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். 1905-இல் மேஜர் லீக்கில் ஒரே ஆட்டம் ஆடி, மட்டையே பிடிக்காமல் போன ‘மூன்லைட்’ கிரஹாம், மினசோட்டாவின் சிஷம் என்ற சுரங்க ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவராகப் பல பத்தாண்டுகள் இருந்தார்.

நம் பக்கமும் ஒரு கதை உண்டு. 2008-இல் ஒரு போட்டி வழியாகப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். (கிரிக்கெட் ரிங்கு இல்லை, இவர் வேறு.) ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படம்கூட வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசை. படம் ஒப்பந்தத்தோடு நின்றுவிடுகிறது. படேலை 2010-இல் விட்டுவிட்டார்கள். ரிங்கு மைனர் லீக்கில் பந்து வீசி, கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பின்னாளில் மல்யுத்த மேடைக்குப் போனார்.

அப்படியானால் வருஷக்கணக்காகக் கீழேயே கிடப்பது வீண்தானே என்பார்கள். 2023 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க்கில் டுரூ மாகி முதன்முறையாக மேஜர் லீக்கில் மட்டை பிடித்தார். அதற்கு முன் மைனர் லீக்கில் பதின்மூன்று பருவம், 1,155 ஆட்டம். வயது 33. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அவுட் ஆனார். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் அடி விழுந்தது. சில நாளில் மறுபடி கீழே அனுப்பினார்கள். போய் ஆடினார்.