கந்தகம் கேட்கும் கடுகும் டி.ஏ.பி. வரிசையும்

வயலின் மண்ணைச் சோதித்து, என்ன உரம் எவ்வளவு இடலாம் என்று விவசாயிக்குச் சொல்லும் மண்வள அட்டைத் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கிவைத்த ஊர் ராஜஸ்தானின் சூரத்கர். அந்த ஊர் கடுகு பரவலாக விளையும் ஸ்ரீகங்காநகர் மாவட்டத்தில் இருக்கிறது. திட்டம் தொடங்கிய பிறகு நாடு முழுவதும் கோடிக்கணக்கான அட்டைகள் வழங்கப்பட்டுவிட்டன. ஆனால், கடுகு விதைக்கும் அக்டோபர் வந்துவிட்டால், ராஜஸ்தானிலும் ஹரியாணாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் டை அம்மோனியம் பாஸ்பேட் எனும் டி.ஏ.பி. உர மூட்டைக்காக விவசாயிகள் கால்கடுக்க வரிசையில் நிற்பது மாறவில்லை. இத்தனைக்கும், கடுகுக்கு டி.ஏ.பி.தான் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பல வயல்களில் அதைவிடப் பொருத்தமான உரம் வேறு இருக்கிறது என்பதே வேதனை.

தானியப் பயிர்களைவிடக் கடுகுக்குக் கந்தகம் மிக அதிகமாக வேண்டும். விதையில் எண்ணெய் சேர்வதற்கும், நாக்கில் சுள்ளென்று ஏறும் காரத்தைத் தரும் சேர்மங்கள் உருவாவதற்கும் அது அவசியம். ஒரு டன் கோதுமைக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு கந்தகத்தை ஒரு டன் கடுகு மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பயிருக்குக் கிடைக்கக்கூடிய கந்தகம் மண்ணில் 10 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) கீழே இருந்தால் பற்றாக்குறை என்பது ஆய்வகங்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. அங்ககக் கரிமம் குறைந்த மணற்பாங்கான நிலங்களில் இந்தப் பற்றாக்குறை எளிதில் வந்துவிடுகிறது.

இந்தப் பற்றாக்குறையின் விலையை விவசாயி மண்டியில் கொடுக்கிறார். ஜெய்ப்பூர் சந்தையில் கடுகு விலை, 42 சதவீத எண்ணெய் உள்ள விதைக்கு என்றே சொல்லப்படுகிறது. எண்ணெய் குறைந்தால் விலையும் இறங்கும். அறுவடைக்குப் பின் விதையைச் சோதித்துக் காசைக் குறைக்க ஏற்பாடு இருக்கிறது. விதைப்புக்கு முன் மண்ணைச் சோதித்து அந்த இழப்பைத் தடுக்கும் ஏற்பாடுதான் பலவீனமாகக் கிடக்கிறது.

ஒரு ஹெக்டேர் கடுகுக்கு 40 கிலோ மணிச்சத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்தும் 18 சதவீதம் தழைச்சத்தும் இருக்கின்றன, கந்தகம் இல்லை. 87 கிலோ போட்டால் கணக்கு முடிந்தது. அதே 40 கிலோவை, 16 சதவீத மணிச்சத்து உள்ள சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் மூலம் கொடுக்க 250 கிலோ, அதாவது ஐந்து மூட்டை தேவை. ஆனால், அதில் 11 சதவீதம் கந்தகம் இருப்பதால் கூடவே சுமார் 27 கிலோ கந்தகமும் நிலத்துக்குப் போய்விடுகிறது. டி.ஏ.பி.யில் வந்திருக்கக்கூடிய தழைச்சத்தை ஈடுகட்ட 34 கிலோ யூரியா போதும். அது ஒரு மூட்டைகூட இல்லை. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே தேங்கியிருக்கிறது என்று பரிசோதனை சொன்னால் மணிச்சத்து உரத்தையே குறைத்துக்கொண்டு, கந்தகத்துக்கு ஜிப்சம் மட்டும் இடலாம். களர் நிலமாக இருந்தால் மண்ணைச் சீர்திருத்தவும் அது உதவும்.

அப்படியிருந்தும் விவசாயி டி.ஏ.பி.யையே தேடுகிறார் என்றால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இரண்டு மூட்டையில் முடிகிற வேலைக்கு ஐந்து மூட்டை சுமக்க வேண்டும். தூளாக வரும் சூப்பர் பாஸ்பேட் விதைக்கருவியில் அடைத்துக்கொள்ளும். தரம் பற்றிய சந்தேகமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசின் விலைக் கொள்கை மண்வள அட்டைக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. 45 கிலோ யூரியா மூட்டை இன்றும் 266 ரூபாய் 50 காசுதான். இந்த விலையில் கிடைக்கும் உரத்தைக் குறைத்துப் போடு என்று ஓர் அட்டை சொன்னால் யார் கேட்பார்கள்? தழைச்சத்து மிகுந்தால் கடுகில் அசுவினி பெருகும், பயிர் சாயும் என்பது விவசாயிக்கும் தெரிந்ததே. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் பச்சையும் மலிவான மூட்டையும் ஜெயித்துவிடுகின்றன.

கந்தகம் பூசிய யூரியாவை 2023இல் ராஜஸ்தானின் சீகரில் அரசு அறிமுகப்படுத்தியது. 37 சதவீதம் தழைச்சத்து, 17 சதவீதம் கந்தகம். நல்ல முயற்சிதான். ஆனால், தனிமக் கந்தகத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் சல்பேட்டாக மாற்றிய பிறகே வேர் அதை எடுத்துக்கொள்ளும். முதல் பாசனத்தின்போது, குளிர்காலத்தில் மேலுரமாக இடப்படும் கந்தகம் அந்தப் பருவத்துப் பயிருக்கு எவ்வளவு உதவும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. அடியுரத்தின் இடத்தை அது பிடிக்காது.

பரிசோதனையின் குறைகளையும் பேச வேண்டும். மண்வள அட்டைக்கான மாதிரி, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்ற கட்டங்களில் எடுக்கப்பட்டது. கடுகின் கணிசமான பரப்பு மானாவாரி. பத்து ஹெக்டேருக்குள் பலருடைய நிலங்கள் அடங்கும். ஒருவர் ஆண்டுதோறும் தொழுவுரம் போட்டிருப்பார். பக்கத்து வயல்காரர் பல ஆண்டுகளாக யூரியாவைத் தவிர வேறெதையும் தொட்டிருக்க மாட்டார். இருவருக்கும் ஒரே முடிவு வந்தால் இருவருமே அதை நம்ப மாட்டார்கள். எருக்குழி ஓரத்திலும் மரத்தடியிலும் வரப்பிலும் மண் எடுக்கக் கூடாது, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும் என்ற எளிய விதிகள் மீறப்பட்டாலும் ஆய்வகம் கொடுக்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. தழைச்சத்தைப் பொறுத்தவரை, அங்ககக் கரிமத்தை வைத்துச் செய்யப்படும் மதிப்பீடு ஏறக்குறையத்தான் இருக்கும். மணிச்சத்து, கந்தகம், துத்தநாகம் ஆகியவற்றில்தான் பரிசோதனையின் பலம். வங்காளம், அசாம் போன்ற கிழக்குப் பகுதிகளில் போரானையும் இதில் சேர்க்க வேண்டும். அங்கே போரான் குறைந்தால் பூ பூத்தும் விதை பிடிக்காமல் போகிறது.

காலமும் முக்கியம். கம்பு அறுவடைக்கும் கடுகு விதைப்புக்கும் நடுவே இருப்பது சில வாரங்களே. அப்போது மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அட்டை வருவதற்குள் பயிர் முளைத்திருக்கும். கடுகை அடித்து முடித்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களே ஏற்ற காலம். முடிவு வர அவகாசம் இருக்கும். அதைவிட முக்கியமாக, அந்த முடிவை உர ஒதுக்கீட்டுக்குப் பயன்படுத்தவும் அவகாசம் இருக்கும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு, மாநிலங்களின் உரத் தேவையை மத்திய வேளாண் துறை மாநில அரசுகளுடன் கலந்து மதிப்பிடுகிறது. கந்தகம் குறைந்த வட்டாரங்களுக்கு எத்தனை டன் சூப்பர் பாஸ்பேட், எத்தனை டன் ஜிப்சம் என்ற கணக்கு அந்த மதிப்பீட்டில் மண் பரிசோதனை முடிவுகளிலிருந்தே வர வேண்டும். மானிய உரம் இப்போது கடையில் ஆதாரைக் காட்டி, விற்பனைக் கருவி வழியாகத்தான் விற்கப்படுகிறது. அந்தக் கருவியிலேயே வாங்குபவரின் மண் பரிசோதனை முடிவும் தெரிந்தால், கடைக்காரர் டி.ஏ.பி. இல்லை என்று கைவிரிக்காமல், உங்கள் வயலுக்கு இதுவே போதும் என்று சூப்பர் பாஸ்பேட் மூட்டையைக் காட்ட முடியும். கட்டாயப்படுத்தத் தேவையில்லை, கேட்ட இடத்தில் சரியான தகவலும் சரியான மூட்டையும் இருந்தால் போதும். கடுகுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் பரத்பூரிலும், பக்கத்திலுள்ள அல்வரிலும் வரும் ஏப்ரல் மாதமே இதைத் தொடங்கிவிடலாம்.