கையேடு இல்லாத நிரல் ஊமை நிரலே!



புராஜெக்ட் முடிந்தது என்று நாம் எப்போது சொல்கிறோம்? நிரல் ஓடியவுடன் சொல்கிறோம். "அதான் ரன் ஆகுதுல்ல, அப்புறம் என்னடா?" என்பதுதான் நம் லேப்பில் அடிக்கடி கேட்கும் வசனம். விளக்கக் கையேடு என்பது கடைசி வாரத்தில் சீனியரின் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கும் சடங்காகிவிட்டது. கையேடு நிரலுக்குப் போடும் மேல்சட்டை அல்ல, நிரலில் பாதியே அதுதான் என்பது என் வாதம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பங்கு வாங்கி விற்பவர்கள் வர்த்தகக் குறிப்பேடு எழுதுவார்கள். எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை, எந்தத் தேதி, ஏன் வாங்கினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பதிவுகளைப் பட்டியலிட்டுக் காட்டும் கருவியை எழுதுவது நமக்குப் பெரிய காரியமில்லை. கோப்பைத் திறந்து, வரிவரியாகப் படித்து, திரையில் காட்டினால் போதும். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? நிறைய இருக்கிறது!

முதலாவது, தேதி. பட்டியலில் 03/04 என்று இருந்தால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? நம் நாட்டில் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. மாற்றிப் படித்தால் பதிவு வேறொரு வருட வரிக் கணக்குக்கே போய்விடும்.

இரண்டாவது, லாபம். 250 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கி, சில நாள் வைத்திருந்து, 252-க்கு விற்றால் பட்டியல் 200 ரூபாய் லாபம் என்று காட்டும். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி உண்டு. அதிலேயே சுமார் 50 ரூபாய் போய்விடும். முத்திரைக் கட்டணம், தரகு எல்லாம் தனி. கருவி காட்டும் 200 செலவு போகவா, செலவோடா? இதைக் கையேடுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விற்காத பங்கு. அதற்கு நேராக 0 என்று காட்டினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். "இன்னும் விற்கவில்லை" என்பது வேறு, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பது வேறு அல்லவா?

இதெல்லாம் சின்ன விஷயமில்லை. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் பற்றி 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். கையேடு இல்லாததால்தான் இந்த நஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நஷ்டத்தில் இருப்பவனுக்கு "நீ லாபத்தில் இருக்கிறாய்" என்று காட்டும் பட்டியல், குழியில் விழுந்தவனை மேலும் தோண்டச் சொல்வதுதானே!

பெரியவர்கள் இதை எப்படிச் செய்தார்கள்? கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் கட்டளைகளுக்குப் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று தலைப்புகள் உண்டு. "பிழைகள்" என்றும் ஒரு தலைப்பு உண்டு! தாங்கள் செய்ததில் இருக்கும் குறையைத் தாங்களே அச்சில் போட்டார்கள். கணக்குப் பதிவுக்கென 2007-இல் தொடங்கப்பட்ட எச்லெட்ஜர் என்ற இலவச மென்பொருளில் 'பிரிண்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்தால் காகிதத்தில் அச்சாகும் என்றுதான் தோன்றும். பதிவுகளைத் தேதி வரிசையில் காட்டும் கட்டளை அது என்று கையேடு தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

"கையேட்டை யாருப்பா படிக்கிறா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் விவரம் தெரிஞ்ச அண்ணனோ மாமாவோ இருக்கிறவன் கேட்டுத் தெரிஞ்சுக்குவான். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கு அண்ணனும் மாமாவும் கையேடுதான். என்னைப் போன்றவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்! நாம் எழுதாமல் விடும் ஒவ்வொரு வரியும், கேட்க ஆளில்லாத ஒருவனைத் தெருவில் நிறுத்துகிறது.

ஆகவே தோழர்களே, இந்த ஆண்டு புராஜெக்டில் நான்கு பக்கமாவது சொந்தமாக எழுதுவோம். கருவி என்ன செய்யும், என்ன செய்யாது, எப்படிக் கேட்க வேண்டும், எங்கே தப்பு வரும் என்று எழுதுவோம். ஆங்கிலத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி. அதை ஜூனியர் ஒருவனிடம் கொடுத்து, நாம் வாயே திறக்காமல் அவனை இயக்கச் சொல்வோம். அவன் இயக்கிக் காட்டிவிட்டால், அன்றைக்குச் சொல்வோம் நெஞ்சை நிமிர்த்தி: "புராஜெக்ட் முடிந்தது!"

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் பிரிவு