குசட்சு போகிறவர்கள் இன்னும் மூன்று கிலோமீட்டர் போகட்டும்

ஜப்பானின் குன்மா மாகாணத்தில், 1,200 மீட்டர் உயரத்து மலையூர் குசட்சு. ஊர் நடுவிலேயே வெந்நீர் ஊற்று; நிமிடத்துக்கு 4,000 லிட்டர் பொங்கி, மர வாய்க்கால்களில் ஓடி ஆறுகிறது. தெருவெல்லாம் கந்தக வாடை. பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினால் மருந்துக்குணம் போய்விடும் என்று, பெண்கள் பாடிக்கொண்டே நீளப் பலகைகளால் நீரைக் கிண்டி ஆற்றுகிறார்கள். இந்த ஊரின் பெருமையைப் பரப்பிய ஜெர்மன் மருத்துவர் எர்வின் பெல்ஸுக்குச் சிலை இருக்கிறது. குளித்தேன், மூட்டுவலிக்கு இதமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் தொழுநோய்ப் பிரிவில் செவிலியாக இருந்தவள். ஒரு காலத்தில் இந்த நீரைத் தேடித் தொழுநோயாளிகள் பலர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எலுமிச்சைச் சாறு போலப் புளிப்பேறிய நீர் இது. புண்ணின் மேல்தொற்றைக் குறைத்திருக்கும். நரம்புக்குள் இருக்கும் கிருமியை எந்த நீரும் தொடாது. என்றாலும் நம்பிக்கையோடு வந்தார்கள். 1887-இல் அவர்களை ஊரின் கீழ்ப்புறம், யுனோசாவா என்ற பகுதிக்கு ஒதுக்கினார்கள். அங்கே தாங்களே விடுதி நடத்தினார்கள், கடை வைத்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். 1916-இல் வந்த ஆங்கிலேய மிஷனரி மேரி கார்ன்வால் லீ அவர்களுக்கு மருத்துவமனை கட்டினார்.

அரசு அதையும் விட்டுவைக்கவில்லை. 1932-இல் அருகிலேயே குரியு ராகுசென்-என் என்ற காப்பகம் வந்தது, பிறகு யுனோசாவா கலைக்கப்பட்டது. காப்பகத்தில் 1938 முதல் 1947 வரை ஒரு தண்டனைச் சிறை இருந்தது. அதற்கு 'சிறப்பு வார்டு' என்று பெயர். விசாரணை இல்லை, கணப்பு இல்லை. குளிரோ உறைநிலைக்கு வெகு கீழே. நாடு முழுவதிலிருந்தும் கொண்டுவந்து 93 நோயாளிகளை அடைத்தார்கள். 23 பேர் இறந்தார்கள். மருந்து கண்டுபிடித்த பிறகும், கட்டாயத் தனிமைச் சட்டம் 1996 வரை நீடித்தது. அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2001-இல் குமமோட்டோ நீதிமன்றம் சொன்னது; அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

அந்தச் சிறைக்கு 2014 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊற்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். எங்கள் குழுவின் பயணத்திட்டத்தில் அது இல்லை. நான்தான் டாக்ஸி பிடித்துப் போனேன். மறுபடி கட்டிக் காட்டியிருக்கும் அறைக்குள் நின்றபோது, என் வார்டில் கட்டுப்போட்ட கைகளும் கால்களும்தான் நினைவில் வந்தன.

ஓய்வெடுக்கப் போன இடத்தில் துக்கம் எதற்கு என்று உடன் வந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது வேறு எங்கிருந்தோ வந்த துக்கமல்ல. நாம் இறங்கிய அதே நீரில், நமக்கு முன்னால் இறங்கியவர்களின் கதை. பெல்ஸின் சிலைமுன் படம் எடுக்க நேரம் இருக்கிறதென்றால் இவர்களுக்கும் இருக்க வேண்டும். சுற்றுலா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அரை நாள். காலையில் அருங்காட்சியகம், மாலையில் குளியல் என்று திட்டத்தில் எழுதுங்கள். விரும்பாதவர்கள் விடுதியில் இருக்கட்டும்.