டீசல் குடிச்ச ரப்பர்!

''சார்... கார் கதவு ரப்பர் ரெண்டே வருஷத்துல போயிடுச்சு. நாலு கதவுக்கும் மாத்தணும்ங்கறாங்க. செமஸ்டர் பீஸ் கட்டறதா, ரப்பர் மாத்தறதான்னு வீட்ல ஒரே சண்டை!''

மதுரையில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன், இப்படித் தான் பேச்சை ஆரம்பித்தான். அவன் அப்பாவுக்கு டூரிஸ்ட் கார் ஓட்டுவது தொழில். ரயில்வே ஸ்டேஷனில் ஆளை ஏற்றி, மீனாட்சி அம்மன் கோவில், அழகர்கோவில், ராமேஸ்வரம் என்று சுற்றி வரும் ஒற்றை வண்டி. அது ஓடினால் தான், வீட்டில் அடுப்பு எரியும்.

ஐப்பசி மழையில் ராமேஸ்வரம் போய் வந்தபோது, பின் சீட்டில் இருந்த அம்மாவின் பட்டுப்புடவை நனைந்து விட்டது. 'ஓட்டை வண்டியை எதுக்குய்யா வாடகைக்கு விடுறே?' என்று கேட்டு, பேசிய பணத்தில் குறைத்துக் கொடுத்திருக்கின்றனர். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லையாம்.

'வா, முதல்ல விவரம் தெரிஞ்சவங்கள்ட்ட காட்டுவோம்' என்று, புதூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியோடு அழைத்துப் போனேன்.

அவர் ரப்பரைப் பார்ப்பதற்கு முன், ஒரு சாக்பீசைப் பொடியாக்கி, நாலு கதவு பீடிங்கிலும் தடவினார். கதவுகளை மூடித் திறந்தார். மூன்று கதவுகளில், பாடியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒரே சீராக விழுந்திருந்தது. பின்பக்க இடது கதவில் மட்டும், மேல் மூலையில் கோடே இல்லை. கீழே அப்பிக் கிடந்தது.

''பாத்தியா தம்பி... கதவு தொங்குது. மேல இடைவெளி, கீழ உரசல். ரப்பர் தானா தேயலை, கதவு தேய்ச்சிருக்கு. இதைச் சரி பண்ணாம புது ரப்பர் போட்டா, அதுவும் இதே மாதிரி போகும்!''

இடது கதவு ஏன்? நம்மூரில் சாலையின் இடது ஓரத்தில் தானே வண்டியை நிறுத்துகிறோம்! ஏறுவதும், இறங்குவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம் தான். வயதானவர்கள் கதவைப் பிடித்துத் தொங்கி எழுந்திருப்பர். அத்தனை பாரத்தையும் தாங்குவது, இரண்டே இரண்டு கீல்கள்.

அடுத்து, ரப்பரை விரலால் அழுத்தினார். நாலு கதவிலும் உப்பி, லேசாகப் பிசுபிசுத்தது.

''எதைப் போட்டுத் துடைக்கிறீங்க?''

தம்பி தலையைக் குனிந்து கொண்டான். ''டீசல்ணே... ஞாயித்துக்கிழமை நான் தான் வண்டி கழுவுவேன். பளபளன்னு இருக்கும்ல...''

அண்ணன் திட்டவில்லை, சிரித்து விட்டார். ''ரப்பருக்கு டீசல் ஊத்திக் குடுத்திருக்கே!''

இது கெமிஸ்ட்ரி வகுப்பில் நாம் தூங்கிய பாடம் தான் நண்பர்களே. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில், இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வாகனப் புகையும், வெயிலும் சேர்ந்து தரைமட்டத்திலேயே உருவாக்கும் ஓசோன், அந்தப் பிணைப்புகளை வெட்டும், ரப்பர் வெடிக்கும். அதனால் தான், கார் கதவுகளில் ஈ.பி.டி.எம்., என்ற செயற்கை ரப்பரை அதிகம் பயன்படுத்துகின்றனர். அதன் முதன்மைச் சங்கிலியில், இரட்டைப் பிணைப்பு கிடையாது. வெயில், மழை, ஓசோன் எதற்கும் சுலபத்தில் மசியாது. ஆனால், பெட்ரோல், டீசல், கிரீஸ் என்றால் உறிஞ்சி உப்பி விடும். ஜாதி ஜாதியோடு சேரும் என்பது போல, ஹைட்ரோகார்பன், ஹைட்ரோகார்பனோடு சேரும்!

வெள்ளரிப்பட்டியில் டயரும், கோச்சடையில் பெல்ட்டும் தயாராகும் ரப்பர் ஊர்க்காரர்கள் நாம். இது கூடத் தெரியாமல் இருந்தால் எப்படி?

உங்கள் வீட்டுக் காரிலும் ரப்பர் சீக்கிரம் போகிறதா? போன விதத்தைப் பாருங்கள், காரணம் தெரியும்.

* ஒரே கதவில், ஒரே இடத்தில் தேய்ந்தால்: கீல் அல்லது பாடியில் உள்ள லாக் கொக்கி இடம் மாறியிருக்கிறது.

* எல்லாக் கதவிலும் குறுக்கே வெடிப்பு: வெயிலும், வயதும்.

* உப்பி, பிசுபிசுப்பு: எண்ணெய், டீசல்.

* கீழ் மூலையில் கிழிசல்: ஏறும்போது படும் கால், இழுத்து வைக்கும் மூட்டை, கதவிடுக்கில் மாட்டும் சீட் பெல்ட் கொக்கி.

* கருங்கோடாய் மெல்லிய உராய்வு: புழுதி. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் மண் ரோட்டில் போய் வந்தால், ரப்பரில் படியும் மண், உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

இன்னொன்று... ரப்பர் பார்வைக்கு முழுசாக இருந்தால் மட்டும் போதாது. அமுங்கினால், திரும்ப எழ வேண்டும். 1986 ஜனவரி 28ல், 'சேலஞ்சர்' விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தது இதனால் தான். அன்றைய குளிரில் விறைத்துப் போன ரப்பர் வளையம், அமுங்கிய இடத்தில் உடனே எழவில்லை. சூடான வாயு கசிந்து விட்டது. அங்கே குளிர் செய்ததை, இங்கே நம் சித்திரை வெயில் வருஷக்கணக்கில் மெல்லச் செய்கிறது. சோதிப்பது சுலபம். கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, இழுங்கள். தடையில்லாமல் வந்தால், அந்த இடத்தில் பிடிப்பு இல்லை.

பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. ஷாம்பு தண்ணீரில் துடைத்து, ஈரம் போகக் காய விடுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ரப்பருக்கென்றே விற்கும் சிலிக்கோன் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, மெல்லத் தடவினால் போதும். கழன்று வந்தால், உடனடிப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அது காய்ந்து விறைத்து, அந்த இடத்திலேயே கிழியும். புது பீடிங்கை இழுத்துப் பிடித்து மாட்டினால், பின்னால் சுருங்கி மூலையில் விலகும். கதவை அறைந்து சாத்தாதீர்கள்.

தண்ணீர் வந்தாலே ரப்பர் மேல் பழி போடாதீர்கள். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற, கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. தம்பியின் காரில், அண்ணன் ஈர்க்குச்சியால் குத்தியதும், சேறும், தண்ணீருமாகக் கொட்டியது!

கடைசியில், கீல் பின்னும், ஒரு கதவு ரப்பரும் தான் மாற்ற வேண்டி வந்தது. மற்ற மூன்றிலும் பிடிப்பு போகவில்லை. 'டீசலை நிறுத்து, போதும்' என்று விட்டார்.

வீட்டுக்குப் போய், தன் தப்பை அப்பாவிடம் சொல்லியிருக்கிறான் தம்பி. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து விட்டு, ''டீசல் போட்டது தான்டா தப்பு; துடைச்சது தப்பில்ல. வர்ற ஞாயிறும் நீ தான் கழுவணும்,'' என்றாராம்.

நேற்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தது.

'பீஸ் கட்டியாச்சு சார்!'