துரை சுட்டால் வேட்டை, பளியர் பிடித்தால் திருட்டு

போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்கள் இரவிக்குளத்தில் வரையாடு பார்க்காமல் திரும்புவதில்லை. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆன அந்தப் புல்மலை அதற்கு முன் கண்ணன் தேவன் கம்பெனித் துரைமார்களின் வேட்டைக்காடு. தாங்கள் சுடுவதற்கு விலங்கு வேண்டும் என்றுதான் அதைக் காத்தார்கள். தடம் பார்த்துச் சொன்னதும் காவல் நின்றதும் முதுவர்கள். வரையாட்டைக் காப்பாற்றியது துரைமார்தான் என்று இன்றும் புகழ்கிறோம். முதுவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது.

இந்தப் புத்திக்குச் சட்டமே போட்டிருந்தார்கள். 1879இல் வந்த நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் அதன் தொடக்கம். உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, பொழுதுபோக்காகச் சுடுகிறவர் கனவான். பசிக்குக் கண்ணி வைக்கிறவர் குற்றவாளி. விலங்குக்கு இரண்டும் சாவுதான். என்ன செய்தார் என்பதைவிட யார் செய்தார் என்று பார்ப்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு துப்பாக்கி ஓய்ந்தது. கனவான், குற்றவாளி என்ற பிரிவு ஓயவில்லை.

என் அம்மா விடியுமுன் ஜீப்பில் அடைந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனவர். மலையை அவர் ஒருநாளும் 'சுற்றிப் பார்த்தது' இல்லை. நாலு சுள்ளி பொறுக்கி வந்தால் யாராவது மறித்து இறக்கிப் போடச் சொல்வார்கள். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்க்கத் தடை போட்டபோது (பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களுக்கு என்று சுருக்கியது) தேனி மலைமாட்டுக்காரர்கள் கலங்கி நின்றார்கள்.

மலையேற்றம் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வேலைக்குப் போகிற இளம்பெண்கள். ஒரு விடுமுறைக்கு மலை பார்க்க ஆசைப்பட்டது குற்றமே இல்லை. அன்று அவர்களைத் தேடி முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர் மக்கள். காற்று எப்போது திரும்பும், மார்ச் மாதப் புல் எப்படிப் பற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மலைக்கு ஆள் அனுப்பும்போது அவர்களை யார் கேட்டார்கள்?

2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' 40 பாதைகளோடு தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறும் அதில் ஒன்று. பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். நாலு காசு கிடைக்கிறது, நல்லது. ஆனால் வழிகாட்டுகிற வேலை முதுவருக்குத் துரை காலத்திலேயே இருந்தது.

2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு காட்டையும் காட்டுயிரையும் காக்கிற அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தருகிறது. வேட்டை உரிமையை அந்தச் சட்டமே விலக்கியிருக்கிறது. அதை இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது வேறு. எந்தப் பாதையைத் திறப்பது, எந்த மாதம் மூடுவது, எத்தனை பேரை விடுவது, கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதை முதுவாக்குடியும் சிறைக்காடும் கிராம சபையில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

மலையேறும் தோழர்களே, அடுத்த முறை சீட்டு பதிவு செய்யுமுன் அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள்.